சன்னக் குரல்களின் கணக்கு

அந்த அலுவலகத்தில் அவளுக்கு இரண்டு பெயர். நேரில் பார்த்தால் கணக்கு மேடம், முதுகைத் திருப்பினால் கீச்சு. இரண்டாவது பெயரை வைத்தது யார் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்த மனிதரோடுதான் கால் நூற்றாண்டாகக் குடும்பம் நடத்துகிறாள்.

குரல் அப்படி அமைந்துவிட்டது. மெல்லிசு, அதோடு உச்சத்தில். பள்ளியில் பாடம் வாசிக்க எழுந்தால் பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு கிளம்பும். வாசிக்கச் சொன்ன டீச்சரே கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொள்வார். வாயைத் திறக்காமல் மார்க் வாங்கக்கூடிய ஒரே பாடம் கணக்கு என்று கண்டுபிடித்து அதற்குள் புகுந்தவள், புள்ளியியலில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள். வந்து பார்த்தால், கணக்குப் போடுவது பாதி வேலை, போட்ட கணக்கை நாலு பேர் காதில் ஏற்றுவது மீதி வேலை. அந்த மீதியில்தான் தன் வாழ்க்கை நாசமாய்ப் போயிற்று என்பது அவள் கட்சி. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

வேலை சதுப்பு நில ஆய்வு அலுவலகத்தில். கீழே ஜீப் ஷெட், சேறு காய்ந்த பூட்ஸ் வரிசை, மேலே கம்ப்யூட்டர் அறைகள். அவளுடைய அறை கழிப்பறைக்கு அடுத்தது. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வைத்த அறைக்கு மாறிப் போனார்கள். அவளுக்கு மட்டும் குழாய்ச் சத்தம்தான் துணை.

அலுவலகத்துக்குப் பின்னால் ஆரம்பித்துக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நாணல், ஆள் உயரத்துக்கும் மேல். அதற்குள் இருக்கும் குருவிகளைக் கண்ணால் பார்த்து எண்ணுவது நடக்காத காரியம். காதால்தான் எண்ண வேண்டும். முளை அடித்து நம்பர் போட்ட இடங்களில் காலையில் போய் நிற்பார்கள். கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டு, எந்தப் பறவை எத்தனை என்று தாளில் எழுதிவிட்டு அடுத்த முளைக்கு நகர்வார்கள். வருடா வருடம் அதே முளை, அதே பருவம். அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் பாடு.

காதால் எண்ணுவதில் ராஜா அவள் கணவர். களப் பிரிவுக்குத் தலைவர். ஜீப் டிரைவர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் காது சார். பெரிய அதிகாரிகள் யாராவது வந்தால் அவரை நாணல் ஓரத்தில் நிறுத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, "வலது பக்கம் கதிர்க்குருவி ரெண்டு. அதுக்குப் பின்னால நீர்க்கோழி ஒண்ணு, குஞ்சோட," என்பார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். பிளந்த வாய்களைப் பார்த்தாலே அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாணலுக்குள் வழி தவறிக் கத்தியபோது, எங்கும் தடுமாறாமல் நேராக வந்து மீட்டவரும் அவர்தான். "உங்க குரல் எந்த மூலைல இருந்தாலும் பிடிச்சிடுவேன்," என்றார். அந்தக் குரலைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள். அவள் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டாள். கல்யாணம் ஆயிற்று, ஒரு மகள் பிறந்தாள். அவர் சொன்னது வெறும் தொழில் பெருமை என்று புரிவதற்கு நாள் பிடித்தது.

பிறகு ஒரு கட்டத்தில் மனிதர் பதில் சொல்வதையே விட்டுவிட்டார். சமையலறையிலிருந்து "சாப்பிட வாங்க" என்பாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். இன்னொரு தரம் கூப்பிடுவாள். அப்புறம் தட்டு மேஜையில் ணங்கென்று விழும். அதற்கு மட்டும் திரும்புவார். மகள் வீட்டில் இருந்தவரை "அப்பாகிட்ட சொல்லு" என்று தூது போயிற்று. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் தூதும் நின்றது. சரியான கல்லுளிமங்கன் என்று அவள் முடிவு கட்டினாள். மதிப்பு இருந்தால் அல்லவா காதில் போட்டுக்கொள்வார்? அன்றிலிருந்து மாலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே வாயையும் திறந்துவிடுவாள். அவர் நடை, அவர் குறட்டை, அவர் அக்கா தங்கைகள் என்று எல்லாம் வரிசையாக வாங்கிக் கட்டிக்கொள்ளும். அவர் ஆடமாட்டார், அசையமாட்டார். திட்டினால் கோபப்படக்கூட லாயக்கில்லாதவளாகப் போய்விட்டோமே என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் முப்பது வருட அறிக்கை வந்து விழுந்தது.

நாணல் பறவைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று மேலிடம் கேட்டிருந்தது. களப் பிரிவு பதிலைத் தயாராகவே வைத்திருந்தது. கூட்டத்தில் காது சார் ஒரு படத்தை மேஜைமேல் வைத்தார். கதிர்க்குருவியின் எண்ணிக்கை மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குச் சறுக்கிக்கொண்டு போயிற்று.

"இந்தக் கோட்டை எந்தக் கணக்குல போட்டீங்க?" என்று அவள் கேட்டாள்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க வேடிக்கை பார்த்தது. சண்டை என்றால் வெந்நீர் பிளாஸ்க்கைக் கட்டிக்கொள்ளும் சுபாவம் இயக்குநருக்கு. அவரே தன் கட்டைக் குரலில் திருப்பிக் கேட்டார்: "எந்தக் கணக்குன்னு கேக்குறாங்க சார்."

"வருஷத்துக்கு ஒரு சராசரி. அது மேல ஸ்கேல் வெச்சு ஒரு கோடு. குருவி இறங்கிட்டே வருது. வடகரைல நாணல் வெட்டுறாங்க, அதான். வெட்டுறதை நிறுத்துங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதானே?"

"முதல் வருஷம் வெள்ளம், குருவி எக்கச்சக்கம். அந்த ஒரு வருஷத்தை எடுத்துட்டா உங்க கோட்டுல பாதி படுத்துடும்," என்றாள் அவள். "பாதி முளைல சைபர், மீதில ஒண்ணு ரெண்டு. இப்படிக் கிடக்கிற எண்ணிக்கைக்கு சராசரி எடுத்து ஸ்கேல் வைக்கிறது எட்டாங்கிளாஸ் வேலை. இதுக்குன்னு முறை இருக்கு. பாய்சான் பரவல்னு..."

"பாய்சனா?" என்றான் ஜன்னல் அறைக்காரன். சிரிப்பு எழுந்தது. அன்று மாலைக்குள் அவளுடைய முறைக்கு விஷக் கணக்கு என்று பெயர் விழுந்துவிட்டது.

இயக்குநர் பிளாஸ்க் மூடியைத் திருகியபடி தீர்ப்புச் சொன்னார். "மாசக் கடைசிக்குள்ள உங்க முறையைக் காட்டுங்கம்மா. இல்லேன்னா இந்தக் கோடுதான் போகும். வெட்டுறவங்களை வடகரையை விட்டு வெளியேத்தணும்."

நாணல் வெட்டிப் பிழைப்பவர்கள்மேல் அவளுக்கு ஒன்றும் உருக்கம் கிடையாது. ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவையாவது தான் சொல்வது அந்த மனிதரின் காதில் ஏற வேண்டும்.

உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டிச் சராசரி எடுப்பதை விட்டுவிட்டு முளை முளையாகப் பிரித்தாள். வெள்ள வருடத்துக்கும் வறண்ட வருடத்துக்கும் அதனதன் இடத்தைக் கொடுத்தாள். எண்ணுகிற ஆளுக்கும் ஓர் இடம் கொடுத்தாள். ஒருவர் எப்போதும் கொஞ்சம் தாராளமாக எண்ணுவார், ஒருவர் கொஞ்சம் கஞ்சத்தனமாக. வருடம் போகப் போக அதே ஆள் மாறவும் செய்யலாம். வடகரையை எண்ணுவது காது சார். தென்கரையைச் சில வருடங்களாக எண்ணுவது அவருடைய உதவி அதிகாரி. முப்பது கடந்த பெண், ரப்பர் பூட்ஸைக் கழற்றியே யாரும் பார்த்ததில்லை, அதனால் பெயரே பூட்ஸ்.

வடகரையில் குருவி சரிந்தது. தென்கரையில் சரியவில்லை. காது சார் சொன்னது சரியென்றுதான் முதலில் பட்டது. ஆனால் வடகரை என்றால் அவர், அவர் என்றால் வடகரை. சரிவு கரையினாலா ஆளினாலா என்று எந்தக் கொம்பன் கணக்காலும் பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒட்டிக்கிடந்தன. அவள் மற்றப் பறவைகளையும் எடுத்துப் போட்டாள். வடகரையில் நீர்க்கோழி அப்படியே இருந்தது. நாரையும் புறாவும் அப்படியே. நாணலை வெட்டினால் முதலில் வீடிழப்பது நீர்க்கோழி. அது சௌக்கியமாக இருக்கிறது, கதிர்க்குருவியும் இன்னும் மூன்று பொடிக் குருவிகளும் மட்டும் தேய்கின்றன.

பூட்ஸைக் கூப்பிட்டு அந்த நாலு பெயரையும் காட்டினாள். "இதுங்க எப்படிக் கத்தும்?"

பூட்ஸ் உதட்டைக் குவித்து ஒவ்வொன்றாகக் கத்திக் காட்டினாள். மூன்றாவதுக்கு வரும்போதே வேகம் குறைந்தது. நாலாவதைக் கத்தவில்லை.

"எல்லாம் சன்னக் குரல், மேடம்," என்றாள், தரையைப் பார்த்து.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. சில நாள் சாரோட வடகரைக்குப் போவேன். குருவி கத்தும், சார் எழுதமாட்டார். தூரமா இருக்கு, கணக்குல வராதுன்னு விடுறாரோன்னு நினைச்சேன். உங்களுக்குக் காது கேக்கலையான்னு எப்படி மேடம் கேக்குறது? அவர் காது சார்."

அவளுக்குத் துக்கம் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: சந்தோஷம் பொங்கியது. பாவம் என்ற சொல் நாக்கு வரை வந்திருந்தால் அதைக் கடித்துத் துப்பியிருப்பாள். ஆள் அகப்பட்டான், அதுவும் அவன் பேரிலேயே அகப்பட்டான் என்றுதான் அவள் நினைப்பு ஓடியது.

ஆனால் கணக்கு விஷயத்தில் அவள் யாரையும் ஏமாற்றமாட்டாள், தன்னையும் சேர்த்து. கரையையும் ஆளையும் பிரிக்க ஒரே வழிதான். இரண்டு பேரும் ஒரே முளையில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். இயக்குநர் மூலமாகக் கேட்டாள். "என் காதுக்குப் பரீட்சையா? வெக்கட்டும்," என்று காது சார் சிரித்தாராம்.

ஜீப்பில் நாலு பேர் போனார்கள், டிரைவரைச் சேர்த்து. வடகரை முளைகளில் கணவரும் பூட்ஸும் முதுகோடு முதுகாக நின்றார்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியக் கூடாது. அவள் பக்கவாட்டில் நின்றாள். அவளுக்கு ஒரு குருவியும் தெரியாது. ஆனால் கையெட்டும் தூரத்தில் நாணல் ஆடியதும், உள்ளேயிருந்து மெல்லிசாக, உச்சத்தில், விடாமல் ஒன்று கத்தியதும் அவளுக்கே கேட்டது. பூட்ஸின் பேனா அசைந்தது. அவர் பேனா அசையவில்லை. கண்ணை மூடி, முகத்தைக் குருவி இருந்த பக்கமே சாய்த்து, அதிகாரிகளுக்குக் காட்டுவாரே அதே தோரணையில் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் தாளில் ஒரு சொல் எழுதினார். அடுத்த முளையிலும் அதே கதை. எந்த முளையில் குருவி கத்தினாலும் அதே கதைதான். திரும்பும்போது ஜீப்பில் அவர் ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார். "பாத்தீங்களா, ஒண்ணுகூட மிச்சம் இல்ல," என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மாசக் கடைசிக் கூட்டத்தில் அவள் வைத்தது இரண்டே படம். எண்ணுகிற ஆளைக் கணக்கில் சேர்க்காதபோது குருவி சரிகிறது. சேர்த்தால் கோடு படுத்துக்கொள்கிறது. தனியாகப் பேசியிருக்கலாம், வீட்டில் சொல்லியிருக்கலாம். அவள் சபை நிறைய ஆள் இருக்கும் நேரம் பார்த்துத்தான் சொன்னாள். தான் சொன்னால்தான் காதில் போட்டுக்கொள்ளமாட்டாரே, படிக்கவாவது படிக்கட்டும் என்று பலகையிலும் பெரிதாக எழுதினாள்: குருவி குறையவில்லை. எண்ணுகிறவரின் காது குறைந்திருக்கிறது.

காது சார் படித்தார். முகம் கறுத்தது. "எல்லார் காதுலயும் பூ சுத்துறா," என்றார்.

"பூட்ஸ், நீ சொல்லு," என்றார் இயக்குநர். பூட்ஸ் வடகரையில் தான் எழுதிய தாள்களைக் காது சார் முன்னால் வைத்தாள். அவர் அவற்றைத் தன் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூட்ஸிடம் ஒரு முளையின் நம்பரைக் காட்டி, "இங்கயா?" என்று கேட்டார். பூட்ஸ் தலையசைத்தாள். "இங்கயுமா?" என்றார். அதற்கும் தலையசைத்தாள்.

இயக்குநருக்கு உட்கார முடியவில்லை. "சரி சரி, இதைக் காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சுக்கலாம்," என்று சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இருங்க," என்றார் காது சார். குரல் உயரவில்லை. "குருவி கிடைக்காத முளைல நான் என்ன எழுதியிருக்கேன்? வாசிங்க."

இயக்குநர் வாசித்தார். "கேட்கவில்லை."

"பழைய தாளை எடுங்க. அதுல?"

"கேட்கவில்லை. இதுலயும் கேட்கவில்லை."

"பூட்ஸ் தாள்ல?"

"இல்லை-ன்னு இருக்கு."

"இத்தனை வருஷத்துல இல்லைன்னு நான் ஒரு தடவைகூட எழுதினதில்ல. என் காதுக்குக் கேக்கலை, அதைத்தான் எழுதினேன். அதை சைபர்னு கம்ப்யூட்டர்ல ஏத்துனது யாரு?" முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். "விஷக் கணக்கு தெரிஞ்சவளுக்குக் கேட்கலைன்னா வேற, இல்லைன்னா வேறன்னு தெரியாதா?"

அவளுக்கு முகம் செத்துவிட்டது. ஏற்றியது அவள்தான், தன் கையாலேயே. 'கேட்கவில்லை' என்று பார்த்த இடத்திலெல்லாம் யோசிக்காமல் சைபரைத் தட்டியவள். பார்க்காததும் இல்லாததும் ஒன்றல்ல என்பது அவள் தொழிலில் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே நடத்துகிற பாடம்.

ஆனாலும் அறிக்கையில் அவளுடைய முறைதான் போயிற்று. கதிர்க்குருவி குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். வெட்டுகிறவர்கள் வடகரையில் வெட்டிக்கொண்டே இருந்தார்கள், இப்படி ஒரு சங்கதி நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. அவள் ஜெயித்துவிட்டாள். கழிப்பறைப் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்து குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், வீட்டு ஜன்னலும் சாப்பாட்டுத் தட்டும் ஞாபகத்துக்கு வந்தன. நாலு சன்னக் குரல்கள் அவர் காதிலிருந்து போயின என்று கண்டுபிடித்தவள், ஐந்தாவதை எண்ண மறந்திருந்தாள்.

அன்று மாலை மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். நெஞ்சிலிருந்து கஷ்டப்பட்டுக் கட்டைக் குரலை எடுத்தாள்.

"எப்போலேருந்து?"

"எது? குருவியா, நீயா?"

"நான்."

"நீ போய் ரொம்ப வருஷம் ஆச்சு."

"தெரிஞ்சே இருந்தீங்களா?"

"எதிர்ல வாய் அசையுது, சத்தம் வரலை. தெரியாம இருக்குமா? அசையுற வேகத்தைப் பாத்தாலே யாரைத் திட்டுறேன்னு புரியும். எங்க அக்கான்னா தனி வேகம்."

"டாக்டர்கிட்ட போயிருக்கலாமே?"

"எதுக்கு? வீடு நிம்மதியா இருந்துச்சு."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கீச்சுன்னு எனக்குப் பேர் வெச்சவரே நீங்கதான். என் குரல் கேக்காமப் போனா குருவியும் கேக்காமப் போகும்னு தோணலையா?"

"குருவிக்கு வாய் தெரியாதே, நாணலுக்குள்ள. அது கேக்கலைன்னா அது இல்லைன்னுதான் நினைச்சேன்."

"கேக்கலைன்னுதான் எழுதினேன்னு அங்க அவ்வளவு பேசினீங்க?"

"எழுதினேன். நினைச்சது இல்லைன்னு." அவர் எழுந்தார். ஜன்னல் பக்கம் போனவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "குருவி அங்கேயே இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே மெஷின் வாங்கியிருப்பேன்."

அவள் அதற்குப் பதில் சொன்னாள். கட்டைக் குரலை எடுக்க மறந்து சொன்னாள். ஆகவே அது அவருக்கு எட்டவில்லை.

மெஷின் அடுத்த வாரமே வந்தது. நீல டப்பாவில், இரண்டு காதுக்கும். காலையில் மாட்டிக்கொண்டு நாணலுக்குப் போவார். மறுபடி குருவி கேட்கிறது என்று அலுவலகமே கொண்டாடியது. பூட்ஸ் அழுதாளாம். மாலையில் அவர் வாசலில் செருப்பைக் கழற்றி, அதோடு மெஷினையும் கழற்றி, அலமாரிமேல் டப்பாவில் வைத்து மூடிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒருநாள்கூடத் தவறாது. அவளும் அடுப்பைப் பற்றவைத்துத் தன் வேலையை ஆரம்பிப்பாள்.

ஒருநாள் மழையில் நனைந்து வந்தவர் துண்டைத் தேடிக்கொண்டு நேரே சமையலறைக்குள் வந்துவிட்டார். அவள் அப்போது அவருடைய அக்காவில் இருந்தாள். நல்ல வேகம். பாதி வாக்கியத்தில் நிமிர்ந்தவள் அவர் காதில் மெஷின் இருப்பதைப் பார்த்தாள். வாய் அப்படியே நின்றது.

அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சொல்லு," என்றார்.

ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடமாக அடுப்புக்கும் சுவருக்கும் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்க முடியவில்லை. எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்கும்போது தன் குரல் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தொண்டையைச் செருமினாள். கரண்டியை ஒரு தடவை துடைத்தாள்.

அவர் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் போனார். டப்பா மூடுகிற சத்தம் கேட்டது.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.